வலது கையில் போடுகிற கிளவ்

1

டல்லாஸுக்கு வடக்கே நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேசைக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் முடிவெடுக்க முடியாத விஷயம் யாருக்காவது இருந்தால், அதைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். போன மாதம் லிண்டா வைத்தாள்.

லிண்டாவின் மகள் எமிலிக்குப் பதினான்கு வயது. சாஃப்ட்பால் ஆடுகிறாள். பந்து வீசுகிற பிட்ச்சர். கிரிக்கெட் மாதிரி ஓடிவந்து வீசுவது இல்லை. நின்ற இடத்திலிருந்து கையை ஒரு முழு வட்டம் சுழற்றி, இடுப்புக்குக் கீழே விட வேண்டும். நவம்பர் கடைசி விடுமுறையில் ஒரு போட்டி. வேறொரு டீமின் பிட்ச்சருக்குக் கை சுளுக்கிக்கொண்டதால் எமிலியை இரண்டு நாளைக்குக் கெஸ்ட் பிளேயராகக் கேட்டிருக்கிறார்கள். அனுப்பலாமா, வேண்டாமா?

மேசையில் இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். சின்னப் பெண்ணின் தோள் தேய்ந்துவிடும். சொந்த டீம் முகம் சுளிக்கும். இல்லை, புதுக் கோச் பார்ப்பார், நல்லதுதான். கடைசியில் லிண்டா என்னைப் பார்த்தாள். நான் மென்பொருள் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். எது எது எப்படியெல்லாம் உடையும் என்று முன்கூட்டியே பட்டியல் போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால் இப்படிப்பட்டவை என்னிடம் வந்து நிற்கும்.

“எழுதி வாங்கிக்கொள்” என்றேன்.

“எதை?”

“அவள் உங்கள் டீம் பெண்தான், இரண்டு நாளைக்கு மட்டும் அங்கே போகிறாள் என்று. இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடட்டும்.”

லிண்டா சிரித்தாள். அதற்கென்று ஒரு படிவமே இருக்கிறதாம். காலையிலேயே சொந்தக் கோச் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாராம். அவளுடைய குழப்பம் வேறு. அந்த ஞாயிற்றுக்கிழமை எமிலியின் அத்தை வீட்டில் விருந்து. அதற்குப் போகாவிட்டால் அத்தை கோபித்துக்கொள்வார்.

நான் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்துவிட்டேன்.

2

அதே வாரம் ஊர்ச் செய்தி படித்தேன். அரியலூர் மறுபடியும் தனி மாவட்டம்.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு இது ஒரு வரிச் செய்தி. எங்கள் ஊர் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில், இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கோடு பெரும்பாலும் எங்களுக்குக் கிழக்கே விழும். பெரம்பலூர்ப் பக்கம்தான் நாங்கள். என் சான்றிதழ்களை வரிசையாக அடுக்கினால், பிறந்தது திருச்சி மாவட்டம். பத்தாவது முடித்தது பெரம்பலூர் மாவட்டம். இங்கே வேலையில் சேர்ந்தபோது ஆவணங்களைப் பார்த்த பெண், எந்த வருடம் குடிபெயர்ந்தீர்கள் என்று கேட்டாள். குடிபெயரவில்லை, வீடு அதேதான் என்றேன். அவள் அதை ஒரு தனித் தாளில் விளக்கமாக எழுதித் தரச் சொன்னாள். எழுதித் தந்தேன். எனக்கு அது சிரமமாக இல்லை. ஒரு தாளில் முடிந்துபோனது.

2001 தொடக்கத்தில் அரியலூரை ஒருமுறை பிரித்தார்கள். அடுத்த ஆண்டே திரும்பச் சேர்த்துவிட்டார்கள். இப்போது, 2007இல், மீண்டும் பிரித்திருக்கிறார்கள். அந்த நடுவிலிருந்த ஒரு வருடத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். என் தங்கை அரசி அப்போது பதினோராம் வகுப்பு.

3

அரசி இடது கைக்காரி. பெரம்பலூரில் அவள் படித்த பள்ளியில் சாஃப்ட்பால் டீம் இருந்தது. பந்தைப் பிடிக்கக் கையில் மாட்டுகிற தோல் கிளவ் மொத்தம் ஒன்பது. எதிர் டீமுக்குப் பெரும்பாலும் சொந்தக் கிளவ் இருக்காது. அதனால் ஓர் இன்னிங்ஸ் முடிந்ததும், நின்ற இடத்திலேயே கிளவ்வைத் தரையில் வைத்துவிட்டு வர வேண்டும். அந்த இடத்துக்கு வருகிற எதிர் டீம் பெண் அதை எடுத்து மாட்டிக்கொள்வாள். ஒன்பது கிளவ், பதினெட்டுக் கைகள். எல்லாமே இடது கையில் போடுகிறவை, வலது கையால் எறிகிறவர்களுக்கானவை.

அரசி இடது கையால் எறிவாள். அவளுக்கு வலது கையில் போடுகிற கிளவ் வேண்டும். அது கிடையாது. அதனால் இருப்பதையே திருப்பி வலது கையில் மாட்டுவாள். கட்டைவிரல் பையில் சுண்டுவிரல் நுழைந்திருக்கும். வேகமாக வரும் பந்து கிளவ்வின் குழியில் விழாமல் நேராக உள்ளங்கையில் வந்து மோதும். அந்த வருடம் முழுக்க அவள் வலது உள்ளங்கை கன்றிப்போய்த்தான் இருந்தது. டீமில் அவள் இரண்டாவது பிட்ச்சர். முதல் பிட்ச்சருக்கு முடியாமல் போனால்தான் இவளுக்கு வாய்ப்பு.

இங்கேதான் இளங்கோ சார் வருகிறார். அரியலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். புது மாவட்டம் வந்ததும், மாவட்டங்களுக்கு இடையிலான போட்டிக்குப் பெண்கள் டீம் அனுப்ப வேண்டும் என்று இறங்கினார். ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் என்று பள்ளி பள்ளியாகப் போய் ஆள் சேர்த்தார். பிட்ச்சர் மட்டும் தேறவில்லை. புதுக் கிட் வாங்கியதில், கடைக்காரர் கவனிக்காமல் வலது கையில் போடுகிற கிளவ் ஒன்றையும் சேர்த்து அனுப்பிவிட்டார். அதைப் போட அந்த டீமில் ஆள் இல்லை. திருப்பி அனுப்ப எடுத்து வைத்தவருக்கு, ஏதோ ஒரு போட்டியில் கிளவ்வைத் திருப்பி மாட்டியிருந்த பெரம்பலூர்ப் பெண் ஞாபகத்துக்கு வந்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவிஎஸ் ஃபிஃப்டியில், அந்தக் கிளவ்வை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

நான் திருச்சியில் பொறியியல் கடைசி வருடம். விடுமுறையில் வீட்டில் இருந்தேன்.

“அண்ணே, பாப்பாவ ஒரு தடவ எங்களுக்கு ஆட அனுப்புங்க” என்றார் சார், அப்பாவிடம். அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். விளையாட்டு பற்றி அவருக்குத் தெரிந்தது, அதனால் சட்டை கிழியும் என்பதுதான்.

“எங்க பள்ளிக்கூடத்துல என்ன சொல்லுவாங்களோ, சார்.”

“அங்க டீமப் பாத்துக்குற மேரி டீச்சர்ட்ட பேசிட்டேங்க. அவங்ககிட்டதான் இன்னொரு பிட்ச்சர் இருக்கே. போய்ட்டு வரட்டும்னுதான் சொன்னாங்க.”

“எனக்கு என்ன தெரியும். பெரியவளக் கேளுங்க. அவதான் இஞ்சினியரிங் படிக்கிறா.”

கேட்டார்கள். நான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நடுவே ஒரு கோடு இழுத்தேன். இடப்பக்கம் ‘போகலாம்’, வலப்பக்கம் ‘வேண்டாம்’.

போகலாம் என்பதற்கு: அங்கே அவள் முதல் பிட்ச்சர். எல்லா ஆட்டமும் ஆடலாம். மாநில அளவில் இடம் பிடித்தால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் பொறியியல் இடம். அரசியின் மதிப்பெண்ணுக்குப் பொதுப் பிரிவில் நல்ல கல்லூரி கிடைக்காது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். என் கல்லூரியிலேயே சேர வேண்டும் என்பது அவள் ஆசை.

வேண்டாம் என்பதற்கு: சொந்த டீமில் மனக்கசப்பு. நான்கு நாள் வகுப்பு போகும். மூன்றாவதாக, ‘இரண்டு பக்கமும் எழுதி வாங்க வேண்டும்’ என்று எழுதினேன். அதைச் சத்தமாகவும் படித்தேன்.

சார் தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார். அப்பா என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார்.

“எழுதிக் குடுங்கன்னு கேட்டா மனுசன் மூஞ்சி என்னத்துக்கு ஆவும்? வூடு தேடி வந்திருக்காரு. கடன்காரன்ட்ட கேக்குற மாதிரியா கேப்ப?”

எங்கள் பக்கத்தில் அது அப்படித்தான். வீடு தேடி வந்து கேட்டவரிடம் கையெழுத்துக் கேட்டால், உங்களை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதாக அர்த்தம். நான் திரும்பி வந்து அந்த மூன்றாவது வரியை அடித்தேன். யாரும் என் கையைப் பிடித்து அடிக்க வைக்கவில்லை.

அரசி இதில் எதிலுமே இல்லை. அவள் பின்பக்கச் சுவரில் பந்தை அடித்து, திரும்பி வருவதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பந்து தோலில் விழும் சத்தம் அன்று வேறு மாதிரி இருந்தது.

“அக்கா, என் கைய அளந்து தச்ச மாதிரி இருக்கு பாரேன்.”

“போகலாம்னு முடிவாயிருக்கு” என்றேன்.

“எதுல?”

“லிஸ்ட்ல.”

“இதுக்கு ஒரு லிஸ்ட்டா? என்னக் கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்ல” என்று சொல்லிவிட்டு மறுபடி பந்தைச் சுவரில் அடித்தாள்.

4

மாநிலப் போட்டியில் அரியலூர் மூன்றாவது இடம் பிடித்தது. நான் பார்க்கவில்லை; திருச்சிக்குத் திரும்பியிருந்தேன். அரசி தொலைபேசியில் ஆட்டத்தைவிடக் கிளவ்வைப் பற்றித்தான் அதிகம் பேசினாள்.

“கடைசி இன்னிங்ஸ் முடிஞ்சதும் பழக்கதோசத்துல தரையில வச்சிட்டு வந்துட்டேன்க்கா. அந்த டீம் பொண்ணு எடுத்து மாட்டிப் பாத்தா, முழிச்சா, கீழ போட்டுட்டா. எனக்கு சிரிப்பு தாங்கல.”

சான்றிதழில் அவள் பெயருக்குக் கீழே அரியலூர் மாவட்டம் என்று இருந்தது. அப்பா அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார். சட்டம் போட்டால் அசலைக் காட்டக் கழற்ற வேண்டியிருக்கும் என்று நான்தான் தடுத்தேன். இப்படிச் சின்ன விஷயங்களில் எனக்கு முன்யோசனை அதிகம்.

அடுத்த ஆண்டு மாவட்டத்தைத் திரும்பச் சேர்த்தார்கள். புது டீம் கலைந்தது. கிட்டைச் சாக்கில் கட்டி, ஏதோ ஒரு பள்ளியின் ஸ்டோர் ரூமில் போட்டார்கள். அரசி பழைய டீமுக்குத் திரும்பினாள். அவள் பெயர் வேறு மாவட்டத்துக்குப் பதிவாகியிருக்கிறது, ஒரு வருடம் பொறுக்க வேண்டும் என்றார்கள். அந்த வேறு மாவட்டம் இதே மாவட்டம்தானே என்று அரசி கேட்டிருக்கிறாள். “நான் என்னடி பண்ணுவேன், பேப்பர்ல அப்படித்தான் இருக்கு” என்றாராம் மேரி டீச்சர். பன்னிரண்டாம் வகுப்பில் அவள் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

2003 கோடையில் சென்னையில் பொறியியல் கவுன்சலிங். விளையாட்டு ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு தனியாக நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மென்மையான மனிதர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார்.

“பாப்பா படிச்ச ஸ்கூல் பெரம்பலூர். சர்டிஃபிகேட் அரியலூர். ரெண்டு பக்கத்துலேர்ந்தும் லெட்டர் வேணும்மா. அவங்க அனுப்புனோம்னும், இவங்க எடுத்துக்கிட்டோம்னும்.”

நான் சென்னையில் புதிதாகச் சேர்ந்த வேலையில் பத்து நாள் விடுப்பு எடுத்தேன். அந்தப் பத்து நாளில் பார்த்தவர்கள்:

இளங்கோ சார். உடனே எழுதித் தந்தார். லெட்டர்பேடு கைவசம் இருந்தது. அந்த லெட்டர்பேடில் இருந்த மாவட்டம்தான் அப்போது இல்லை.

மேரி டீச்சர். மாற்றலாகி வேறு ஊருக்குப் போயிருந்தார். தேடிப் போனோம். “நான்தான் போகச் சொன்னேன், எங்க வேணா வந்து சொல்றேன்” என்றார். அந்தப் பொறுப்பில் இப்போது அவர் இல்லாததால் அவர் எழுத்து செல்லாது.

அவர் இடத்துக்கு வந்தவர். பழைய பதிவேட்டைப் புரட்டினார். அனுப்பியதாக ஒரு வரியும் இல்லை. இல்லாததை எப்படி எழுதுவது என்றார். நானாக இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

சென்னையில் இன்னோர் அலுவலகம். மாவட்டத்திலிருந்து கடிதம் வந்தால் ஒரு நிமிடத்தில் முடித்துத் தருகிறோம் என்றார்கள்.

எட்டாம் நாள் மறுபடியும் அந்த மென்மையான மனிதர். “இவ்வளவு அலைஞ்சிருக்கீங்க” என்று வருத்தப்பட்டார். “ஒரே ஒரு பேப்பர், அன்னைக்கே வாங்கி வச்சிருந்தா போதும்மா.”

இதில் கெட்டவர் என்று ஒருவர்கூட இல்லை. இதை நான் நிறைய தடவை சரிபார்த்துவிட்டேன். இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். எல்லோரும் அவரவர் தாளில் இருந்ததைச் சொன்னார்கள். ஒரு தாளில் மட்டும், மூன்றாவது வரி அடிக்கப்பட்டிருந்தது.

பேருந்தில் திரும்பும்போது அரசி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஊர் நெருங்கியதும், “பசிக்குதுக்கா, பெரம்பலூர்ல எறங்குனதும் பரோட்டா வாங்கித் தர்றியா?” என்றாள். வாங்கித் தந்தேன். அதற்கப்புறம் இன்றுவரை அந்தப் பத்து நாளைப் பற்றி அவள் பேசியதில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பதில்கள் என்னிடம் வரிசையாக இருந்தன.

5

நான் 2004இல் இங்கே வந்தேன். வருவதற்கு முன் எடுத்துப் போக வேண்டியவை என்று நான்கு பக்கப் பட்டியல் போட்டேன். அரசிதான் ஒவ்வொன்றாக டிக் அடித்துப் பெட்டியில் வைத்தாள்.

அவள் அஞ்சல் வழியில் பி.எஸ்ஸி. சேர்ந்தாள், இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டாள். இப்போது அரியலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு செய்கிறாள். மாவட்டம் பிரிந்ததால் கடையில் கூட்டம். எல்லோருக்கும் படிவத்தில் மாவட்டத்தின் பெயரை மாற்ற வேண்டும். பழைய விண்ணப்பத்தில் ‘பெரம்பலூர்’ என்பதை அழித்து ‘அரியலூர்’ என்று அடிப்பதுதான் காலையிலிருந்து மாலைவரை வேலை என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

வாரம் ஒருமுறை பேசுகிறோம். பேச்சு குறைந்துகொண்டே வருகிறது. “நீ நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசுற” என்கிறாள். இங்கே அலுவலகத்தில் என் ஆங்கிலம் புரியவில்லை என்று இரண்டாம் முறை கேட்கிறார்கள். வீட்டில் என் தமிழ் அவளுக்கு வேற்றாளுடையதாகத் தெரிகிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நான் ‘சாரி’ சொல்கிறேனாம். “எதுக்குத்தான் இத்தனை சாரி, கடையில வாங்கி வச்சிருக்கியா?” என்றாள் ஒருநாள். எதற்கு என்று நானும் சொல்லவில்லை.

எமிலி போனாள். ஆடிய இரண்டு ஆட்டத்திலும் தோல்வி. திங்கட்கிழமை மதியம் கேட்டேன். லிண்டாவுக்கு ஒரு கணம் எதைக் கேட்கிறேன் என்றே புரியவில்லை. “ஓ, அதுவா. அடுத்த வாரம் வேறொரு போட்டி இருக்கிறது” என்றாள். அத்தைதான் இன்னும் கோபமாக இருக்கிறாராம்.

6

போன சனிக்கிழமை. எனக்குக் காலை, அரசிக்குச் சாயங்காலம்.

“அக்கா, இளங்கோ சார் கடைக்கு வந்தாரு.”

“எப்படி இருக்கிறார்?”

“இருக்கிறாரு” என்று என்னைப் போலவே சொல்லிக் காட்டினாள். “முடி மொத்தம் நரைச்சிடுச்சு. செலெக்‌ஷன் நோட்டீஸ் காப்பி எடுக்க வந்தாரு. திரும்பவும் டீம் போடுறாராம். கிட்டு அதே சாக்குதான், வண்டியில பின்னாடி கட்டியிருந்தாரு.”

“எலி கடித்திருக்குமே.”

“ரெண்டு மூணு கிளவ்வக் கடிச்சிருக்கு. அதக் கடிக்கல.”

எது என்று நான் கேட்கவில்லை.

“போட்டுப் பார்த்தியா?”

“கடையில ஆளு நின்னுச்சு.” அப்புறம், “பாத்தேன். தோலு வெறச்சுப்போய்க் கெடக்கு. ஆனா கை அப்படியே போகுதுக்கா” என்றாள்.

சார் அவளிடம் ஒன்று கேட்டிருக்கிறார். இடது கைப் பெண் யாராவது தெரியுமா என்று. எங்கள் தெருவில் டெய்லர் மகள் தேன்மொழி ஒன்பதாவது படிக்கிறாள். பெரம்பலூரில் அதே பள்ளி, அதே டீம். மூன்றாவது பிட்ச்சர். கிளவ்வைத் திருப்பித்தான் மாட்டுகிறாள். கை கன்றியிருப்பதை அரசி பார்த்திருக்கிறாள்.

என் கை தானாக ஒரு தாளை இழுத்து நடுவே கோடு போட்டது.

“இந்தத் தடவை எழுதி வாங்கிட்டா என்ன? ரெண்டு பக்கமும். பள்ளிக்கூட சீல் வச்சு” என்றேன்.

“வாங்கலாம். கடையிலயே நான் அடிச்சுக் குடுத்துருவேன்” என்றாள் அரசி. “மாவட்டம் இருக்கும்னு யாருக்கா எழுதித் தருவா?”

தாளில் ஒரு பக்கத்துக்கு எழுத ஒன்றும் இல்லை. மறுபக்கத்தில் ‘கிளவ்’ என்று எழுதினேன். ஆறு வருடத்துக்கு முன்பு எந்தப் பக்கமும் அதை நான் எழுதவில்லை.

“சார்ட்ட என்ன சொன்ன?”

“இடது கை யாரும் தெரியல சார்னு சொல்லிட்டேன்.”

தொலைபேசியில் அவளுக்குப் பின்னால் ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

“நான் செஞ்சது சரியாக்கா?”

அவள் என்னிடம் முடிவு கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று மற்றவர்கள்தான் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த முறைகள் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். அனுப்பினால் எமிலிக்கு நடந்தது நடக்கலாம், அரசிக்கு நடந்தது நடக்கலாம். அனுப்பாவிட்டால், ஒன்றும் நடக்காது. கை மட்டும் கன்றும்.

“தெரியலடி” என்றேன்.

“ம்.”

“அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா, சார் தேடுறது?”

“தெரியாது. நேத்து சாயங்காலம் செவுத்துல பந்து அடிச்சிக்கிட்டு இருந்தா. பாத்தும் பாக்காத மாதிரி வந்துட்டேன்.”

“கிளவ்?”

“சாக்குலயே போட்டுட்டாரு. ஒரு கையில நோட்டீஸ் கட்டு. சாக்கு வாயக் கட்ட முடியாம தடுமாறுனாரு.” அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “நான்தான் கட்டி விட்டேன்.”